தேஹு ரோடும் பண்டாராவும்: ஒரு வேட்பாளரின் சமயம்

புனேயிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் தேஹு ரோடு ஒரு சிறிய நிலையம். துக்காராம் பிறந்த தேஹு என்னும் ஊர் இந்திராயணி ஆற்றங்கரையில் சற்று உள்ளடங்கி இருக்கிறது. அவ்வூருக்குச் செல்வோர் இறங்கும் இடம் என்பதால் நிலையத்துக்கு இப்பெயர். படைக்கலக் கிடங்குகளைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு இது. வேலை தேடி வந்த மஹர் குடும்பங்களோடு தமிழும் தெலுங்கும் பேசும் குடும்பங்களும் இங்கே வேரூன்றின. இந்தக் குடியிருப்பில் 1954 டிசம்பர் 25 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஒரு புத்தர் சிலையை நிறுவினார். சிலை இரங்கூனிலிருந்து வந்தது. அதே நாளில், இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன், மஹாட் நகரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது.

நாக்பூரில் 1956 அக்டோபர் 14 அன்று நிகழ்ந்த தீட்சைக்குத் தேஹு ரோடு ஒரு முன்னோட்டம் என்பது பொதுவாக எழுதப்படும் வரலாறு. அது பிழையன்று. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில், மத்தியப் பிரதேசத்தின் பண்டாரா நாடாளுமன்றத் தொகுதி இடைத்தேர்தலில் அம்பேத்கர் தோற்றிருந்தார். 1952 பொதுத்தேர்தலில் வடக்கு பம்பாயில் பெற்ற தோல்விக்குப் பின் வந்த இரண்டாம் தோல்வி அது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஏழு மாத இடைவெளிதான். இதைக் கொண்டு, ‘அரசியலில் தோற்றார், ஆகவே சமயத்தின் பக்கம் திரும்பினார்’ என்று முடிப்போர் உளர். காலவரிசை இந்த முடிவுக்கு இடங்கொடுப்பதில்லை. இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் இயோலாவில் அறிவித்தது 1935 அக்டோபரில். 1937 தேர்தலில் அவர் பெற்ற பெருவெற்றிக்கும் அது முந்தியது. கொழும்பில் உலக பௌத்தர் மாநாட்டுக்குச் சென்றது 1950இல், நடுவண் அரசின் சட்ட அமைச்சராக இருந்தபோது. தமிழகத்துப் பௌத்த அறிஞர் பொ. லட்சுமி நரசு எழுதிய ‘பௌத்தத்தின் சாரம்’ நூலின் மறுபதிப்புக்கு அவர் முன்னுரை எழுதியது 1948இல். இவை எவையும் தோல்வியின் விளைவுகள் அல்ல.

எனினும் பண்டாராவுக்கும் தேஹு ரோடுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உளவியலில் தேடுவதைவிடச் சட்டத்தில் தேடினால் அத்தொடர்பு தெளிவாகப் புலப்படும். தனித்தொகுதியில் நிற்கும் ஒருவரின் சமயம் எது, அதை யார் தீர்மானிப்பது, அதை மாற்றிக்கொண்டால் அவர் எதை இழப்பார் என்னும் கேள்விகள் 1954இல் இவ்விரண்டு இடங்களையும் இணைத்தன.

ஓயாமல் தேர்தலில் நிற்கும் வேட்பாளர் என்றதும் இந்திய வாசகருக்கு வேறு முகங்கள் நினைவுக்கு வரும். முந்நூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்ற காக்கா ஜோகிந்தர் சிங்கும், நம் மேட்டூர் பத்மராஜனும் அவ்வகையினர். வைப்புத்தொகை இழப்பதையே ஓர் அறிக்கையாக மாற்றியவர்கள் அவர்கள். சமய நோக்கோடு களமிறங்கிய வேட்பாளர் வேறு வகை. வெற்றி தோல்வியைவிட, தாம் நம்பும் அறத்தைப் பொதுவெளியில் நிறுத்துவதே அவருக்கு முதன்மை. முதல் பொதுத்தேர்தலிலேயே இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை எதிர்த்து, பிரபுதத்த பிரம்மச்சாரி என்ற துறவி அலகாபாத் பகுதியில் ஜவாஹர்லால் நேருவுக்கு எதிராக நின்றார். நேரு இரண்டு இலட்சத்து முப்பத்து மூன்றாயிரத்துக்கும் மேல் வாக்குகள் பெற, துறவிக்குக் கிடைத்தவை ஐம்பத்தாறாயிரத்துச் சொச்சம். அதே மசோதாவை நிறைவேற்றாமல் கிடப்பில் போட்டதைக் கண்டித்து 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தவர் அம்பேத்கர். ஒரு மசோதா ஒருவரை மடத்திலிருந்து தேர்தல் களத்துக்கு அழைத்துவந்தது. இன்னொருவரை அமைச்சரவையிலிருந்து வெளியேற்றியது. இருவரும் அதே பொதுத்தேர்தலில் தோற்றனர். சாமியார் வாக்காளரிடம் மீண்டும் பெரிதாகக் கேட்க எதுவும் இருக்கவில்லை. அம்பேத்கருக்கு இருந்தது. அதனால்தான் இரண்டாண்டு கழித்து அவர் மீண்டும் நின்றார்.

அவர் கேட்டது என்ன என்பதை விளங்கிக்கொள்ள ஏரவாடாச் சிறைக்குப் போகவேண்டும். தேஹு ரோட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் அச்சிறையில் 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டது. ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் அவ்விடங்களுக்கு உரியவரை எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர் என்றாயிற்று. 1937இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பம்பாய் மாகாணத்தில் நிறுத்திய 17 வேட்பாளர்களில் 14 பேர் வென்றனர். அப்போது பம்பாயில் ஒரு வாக்காளர் தமக்குரிய வாக்குகள் அனைத்தையும் ஒரே வேட்பாளருக்குக் குவித்து அளிக்கும் முறை இருந்தது. சிதறிக் கிடந்த சிறுபான்மை தன் வலிமையை ஓரிடத்தில் திரட்டிக்கொள்ள அது உதவியது. 1946இல் நிலை மாறியது. பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு நாடு முழுவதிலும் மாகாணச் சட்டமன்றங்களில் இரண்டே இடங்களைப் பெற்றது. அரசியல் நிர்ணய சபைக்கு அம்பேத்கர் வர, ஜோகேந்திரநாத் மண்டலின் துணையோடு வங்காளம் போகவேண்டியிருந்தது.

1952இல் வடக்கு பம்பாய் ஈருறுப்பினர் தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே அளிக்கக் கூடாது, அளித்தால் செல்லாது. பொது இடம் ஒன்று, தனி இடம் ஒன்று. கூட்டமைப்பும் சோஷலிஸ்ட் கட்சியும் உடன்பாடு கொண்டன. அம்பேத்கரும் அசோக் மேத்தாவும் இணைந்து நின்றனர். காங்கிரசின் நாராயண் சதோபா கஜ்ரோல்கர் 1,38,137 வாக்குகள் பெற்றார், அம்பேத்கர் 1,23,576. வேறுபாடு 14,561. செல்லாத வாக்குகளோ எழுபதாயிரத்தைத் தாண்டின. தம் வாக்குகளை வீணாக்குமாறு எஸ்.ஏ. டாங்கேயின் தரப்பு வாக்காளரைத் தூண்டியது என்று குற்றஞ்சாட்டி அம்பேத்கரும் மேத்தாவும் தேர்தல் தீர்ப்பாயத்தை அணுகினர். பயன் விளையவில்லை. அரசமைப்பை வரைந்தவர் அதன்கீழ் நடந்த முதல் தேர்தலில் தோற்றார் என்பதைப் பலரும் வியப்போடு சொல்வர். வியப்புக்கு இடமில்லை, பூனா ஒப்பந்தத்தின் கணக்கு அப்படித்தான் வரும் என்று அவரே பல ஆண்டுகளாக எழுதிவந்தார். பட்டியல் சாதியினர் பெருவாரியாக ஆதரிக்கும் ஒருவரைவிட, பிற சாதியினர் விரும்பும் பட்டியல் சாதியினர் ஒருவரே தனித்தொகுதியில் எளிதில் வெல்வார் என்பது அவருடைய நெடுநாள் வாதம். பம்பாய் அதற்கு எண்களைத் தந்தது, அவ்வளவே. பின்னர் அவர் மாநிலங்களவைக்குச் சென்றார்.

இனிப் பண்டாரா. அங்கே இடைத்தேர்தல் ஏன் வந்தது என்பது அம்பேத்கர் வாழ்க்கை வரலாறுகளில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி. உண்மையில் அதுவே இக்கதையின் உயிர்நாடி. 1952 பொதுத்தேர்தலில் பண்டாரா ஈருறுப்பினர் தொகுதியில் காங்கிரசின் சதுர்புஜ் விட்டல்தாஸ் ஜசானியும் துலாராம் சாகரேவும் வென்றனர். தேர்தலை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. வாதங்கள் இரண்டு. ஜசானி பங்குதாரராக இருந்த நிறுவனம் படைவீரர் கடைகளுக்குப் பீடி விற்கும் ஒப்பந்தத்தை அரசோடு கொண்டிருந்தது. எனவே அவர் தகுதியற்றவர் என்பது முதல் வாதம். தனி இடத்துக்கு மனுத் தாக்கல் செய்த கங்காராம் தவரே என்பவரின் வேட்புமனு தவறாகத் தள்ளப்பட்டது என்பது இரண்டாவது. தவரே பிறப்பால் மஹர். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சக்ரதரர் தோற்றுவித்த மகானுபாவ பந்தத்தில் சேர்ந்திருந்தார். சாதி வேறுபாட்டை ஏற்காத பந்தம் அது. அதில் சேர்ந்தவர் மஹராக நீடிக்க முடியுமா? முடியாது என்று கருதி மனுவைத் தள்ளினர்.

உச்ச நீதிமன்றம் 1954 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஜசானி தகுதியற்றவர் என்றது. தவரேயின் மனுத் தள்ளப்பட்டது தவறு என்றும் சொன்னது. தீர்ப்பை எழுதிய நீதிபதி விவியன் போஸ், ஒருவர் சமயம் மாறும்போது பழைய சமூகம் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது, மாறியவரின் எண்ணம் என்ன, புதிய நெறியின் விதிகள் எவை ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும் என்றார். தவரே மஹர்களோடு மணவுறவு கொண்டார், தம்மை மஹர் என்றே சொல்லிவந்தார், மஹர்களும் அவரை விலக்கவில்லை. எனவே பந்தத்தில் சேர்ந்தது சில கருத்துகளை ஏற்றுக்கொண்டது மட்டுமே, சாதியை விட்டதாகாது என்பது முடிவு. முழுத் தேர்தலும் செல்லாததாயிற்று. இரு இடங்களும் காலியாயின. ஆக, ஒரு மஹர் வேட்பாளர் வேறொரு சமய நெறியை ஏற்றால் என்னாகும் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் விடை கூறியதன் விளைவாகக் காலியான இடத்துக்கே அம்பேத்கர் போட்டியிட்டார்! இயோலாவில் அறிவித்துப் பத்தொன்பது ஆண்டுகளாகப் புதிய நெறியைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர், அதுவும் சட்டம் கற்றவர், இத்தீர்ப்பைப் படிக்காமல் இருந்திருப்பாரா?

பண்டாராவிலும் அசோக் மேத்தாவே துணை; இப்போது அவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியினர். தேர்தல் முறையும் அதே ஈர்வாக்கு முறை. இங்கே நிகழ்ந்ததாகக் கூட்டமைப்புத் தொண்டர்களின் நினைவுகளில் நிலைத்த ஒரு செய்தி உண்டு. இரண்டாம் வாக்கைச் சாதி இந்து வேட்பாளர் எவருக்கும் அளிக்காமல் வீணாக்கிவிட்டால் அம்பேத்கரின் வெற்றிக்கு வழி பிறக்கும் என்று தொண்டர்கள் கணக்குப் போட்டனர். அவர் இணங்கவில்லை. அரசமைப்பை ஆக்கியவர்களுள் ஒருவனாகிய நான் வாக்கை வீணாக்கச் சொல்லமாட்டேன், தோற்றாலும் சரி என்பது அவர் நிலை. பம்பாயில் தமக்கு எதிராகச் செய்யப்பட்டதாகத் தாமே நீதிமன்றத்தில் முறையிட்ட ஒன்றைப் பண்டாராவில் தமக்கு ஆதரவாகச் செய்ய அவர் மறுத்தார் என்பதை இங்கே சேர்த்துப் படிக்கவேண்டும். முடிவு: மேத்தா வென்றார். தனி இடத்தில் காங்கிரசின் பாவ்ராவ் போர்க்கர் வென்றார். அம்பேத்கர் 8,381 வாக்குகள் குறைவாகப் பெற்றுத் தோற்றார். கூட்டமைப்பின் வாக்காளர்கள் தம் இரண்டாம் வாக்கை மேத்தாவுக்கு அளித்திருக்கிறார்கள். மறுபக்கத்திலிருந்து அதே அளவில் வாக்கு வந்து சேரவில்லை.

வாக்கு என்பது ஈவும் ஏற்பும் கொண்ட உறவு. அது ஒருவழிப்பாதையாக இருப்பதைப் பம்பாயிலும் பண்டாராவிலும் இருமுறை அவர் கண்டார். இந்தப் பின்னணியில் தேஹு ரோட்டைப் பார்த்தால் அங்கே நடந்தது வேறு பொருள் கொள்கிறது. பண்டாரா மே மாதத்தில் முடிந்தது. அவ்வாண்டிலேயே அவர் இருமுறை பர்மா சென்றார். இரண்டாம் பயணம் டிசம்பரில், உலக பௌத்தர் கூட்டமைப்பின் மூன்றாம் மாநாட்டுக்காக. உடல்நலம் அப்போதே குன்றியிருந்தது. இரங்கூனிலிருந்து திரும்பியதும் தேஹு ரோடு.

அங்கிருந்த கோயில் முதலில் சோக்காமேளாவுக்காக எண்ணப்பட்டது என்று மஹர் இயக்க வரலாற்றை ஆராய்ந்த எலினார் செல்லியட் குறிப்பிடுகிறார். சோக்காமேளா பதினான்காம் நூற்றாண்டு மஹர் பக்திக் கவிஞர். பண்டரிபுரத்து விட்டலனைப் பாடியவர். கோயிலுக்குள் நுழைய முடியாதவர். அவருடைய சமாதி பண்டரிபுரத்துக் கோயில் வாயிற்படியருகே இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இவரை அறிமுகப்படுத்த நீண்ட விளக்கம் வேண்டா. 1948இல் வெளியான ‘தீண்டப்படாதோர்’ நூலை அம்பேத்கர் நந்தனார், ரவிதாசர், சோக்காமேளா ஆகிய மூவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார். தில்லையில் ஒருவர், பண்டரியில் ஒருவர். இருவரும் வெளியே நின்றவர்கள். சோக்காமேளாவுக்குக் கோயில் கட்டுவது என்பது வெளியே நிற்கும் அந்த நிலைக்கே ஒரு கட்டடம் எழுப்புவது போன்றது. அந்தக் கட்டடத்தில் அம்பேத்கர் புத்தரை வைத்தார்.

அன்றைய உரையில் அவர் சொன்னவற்றுள் இரண்டைத் தனஞ்செய் கீர் பதிவுசெய்திருக்கிறார். பௌத்தத்தை எளிய மக்களுக்கு விளக்கும் நூல் ஒன்றை எழுதிவருவதாகவும், அது முடிய ஓராண்டு ஆகலாம், முடிந்ததும் தாம் பௌத்தத்தைத் தழுவப்போவதாகவும் கூறினார். அந்நூலே அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’. மற்றொன்று, பண்டரிபுரத்து விட்டலன் உண்மையில் புத்தரே, அதை ஆய்ந்து நிறுவப்போகிறேன் என்பது. பின்னதை வரலாற்றாய்வாளர் பலர் தயக்கத்தோடு கடந்துவிடுகின்றனர். சான்றுகளின் அளவில் அத்தயக்கம் நியாயமானது. ஆயினும் அந்தக் கூற்று எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்பதை மறக்கலாகாது. வார்க்கரிகள் பல்லக்கோடு பண்டரிக்குப் புறப்படும் தேஹுவின் வாசலில், சோக்காமேளாவுக்கென எண்ணிய கோயிலில், சோக்காமேளாவை உள்ளே விடாத தெய்வம் ஆதியில் உங்களுடையதே என்கிறார் அவர். தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர், நந்தனைச் சிவனடியாராக அல்லாமல் பௌத்த மன்னனாக வாசித்தார். ஊர்த் தெய்வங்களுக்கும் திருவிழாக்களுக்கும் பௌத்த மூலம் கண்டார். இருவரையும் இணைக்கும் நேரடிச் சான்றைவிட, இருவரும் ஒரே நெருக்கடிக்கு ஒரே வகையில் விடை தேடினர் என்பதே கவனிக்கத்தக்கது. நுழைவுரிமை கேட்பவர் பிறரின் இசைவை எதிர்பார்த்து நிற்கவேண்டும். மூலவுரிமை கோருபவர் எவரிடமும் வாக்குக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. 1950 ஆகஸ்டில் வெளியான பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயமல்லாத வேறு சமயத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. சீக்கியருள் சில சாதிகளுக்கு மட்டும் விலக்கு. 1956இல் விலக்குச் சீக்கியர் அனைவருக்கும் விரிந்தது. பௌத்தருக்கு இல்லை. ஆணை வெளியானபோது நாட்டின் சட்ட அமைச்சர் அம்பேத்கர் என்பது வரலாற்றின் குரூரமான பொருத்தங்களுள் ஒன்று. பண்டாராவில் தவரேக்குக் கிடைத்த விடை ஒரு பந்தத்துக்கு உரியது. வெளிப்படையாக ‘நான் இந்து அல்லேன்’ என்று அறிவிப்பவருக்கு அது துணைவராது. எனவே தேஹு ரோட்டில், இன்னும் ஓராண்டில் பௌத்தம் தழுவுவேன் என்று அவர் சொன்னபோது, அதன் சட்டப்பொருள், ஓராண்டுக்குப் பின் நான் எந்தத் தனித்தொகுதியிலும் வேட்பாளராக முடியாது என்பதே. அவரைப் பின்தொடர்வோர் எவரும் முடியாது.

இதை அறியாமல் செய்த செயலாகக் கருத இடமில்லை. 1955 ஆகஸ்டில் கூட்டமைப்பின் செயற்குழு, நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் உள்ள ஒதுக்கீட்டு இடங்களை நீக்கிவிடலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. இன்று படிக்கும் மாணவர்களுக்கு இத்தீர்மானம் அதிர்ச்சி தரும். ஒதுக்கீட்டை எதிர்ப்போர் சிலர் அதைச் சூழலிலிருந்து பிய்த்து எடுத்துக் கையாள்வதும் உண்டு. கல்வி, வேலைவாய்ப்பு ஒதுக்கீடு பற்றியதன்று அது. பிறர் வாக்கால் தீர்மானிக்கப்படும் தேர்தல் இடங்களைப் பற்றியது. பம்பாயிலும் பண்டாராவிலும் கற்ற பாடத்தின் தீர்மான வடிவம். பிறகு நாக்பூர். தீட்சைக்கு மறுநாள் ஆற்றிய உரையில், இழக்கநேரும் உரிமைகளைப் பற்றிய அச்சத்தை அவர் நேரடியாகவே எதிர்கொண்டார்; அவற்றை மீட்டுத்தரத் தம்மால் முடியும் என்று நம்பிக்கையூட்டினார். ஏழரை வாரங்களில், 1956 டிசம்பர் 6 அன்று, மறைந்தார்.

1957 பொதுத்தேர்தலில் அவர் இல்லை. தீட்சை பெற்ற தலைவர்கள் தனித்தொகுதிகளை விட்டுப் பொதுத்தொகுதிகளில் நிற்கவேண்டியவர்களாயினர். தாதாசாகேப் கெய்க்வாட் நாசிக்கில், சம்யுக்த மகாராஷ்டிர சமிதியின் ஆதரவோடு, பொதுத்தொகுதியில் வென்றார். மொழிவழி மாநிலப் போராட்டத்தின் அலை இல்லாதிருந்தால் இது கைகூடியிருக்குமா என்பது ஐயமே. செங்கற்பட்டு ஈருறுப்பினர் தொகுதியிலிருந்து என். சிவராஜ் நாடாளுமன்றம் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் நாக்பூரில் உருவான இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவரும் இத்தமிழரே. இடையில் மகாராஷ்டிரத்தின் சமய முகமே மாறியது. 1951 கணக்கெடுப்பில் அப்பகுதிகளில் 2,500 பேரைக்கூட எட்டாத பௌத்தர் தொகை, 1961இல் 27 இலட்சத்தைத் தாண்டியது. வாக்குச்சாவடியில் இருமுறை சிறுபான்மையான மக்கள், மக்கள்தொகைக் கணக்கில் தம்மைத் தாமே எண்ணிக்காட்டிய இடம் அது. வாக்கெடுப்பில் பிறர் உங்களை எண்ணுவர். கணக்கெடுப்பில் உங்கள் விடையே பதிவாகும்.

விலையை அடுத்த தலைமுறை செலுத்தியது. நாக்பூரில் 1962இல் தனித்தொகுதியில் வென்ற டாக்டர் டி.பி. மேஷ்ராமின் தேர்தலை எதிர்த்துப் பஞ்சாப்ராவ் என்பவர் வழக்குத் தொடுத்தார். மேஷ்ராம் 1957இல் பொதுக்கூட்டத்தில் பௌத்தம் தழுவினார் என்பது குற்றச்சாட்டு. சான்றுகளுள் ஒன்று, அவர் தொடர்புகொண்டிருந்த சிவன் கோயில் ஒன்று புத்தர் கோயிலாக மாற்றப்பட்டமை. தேஹு ரோட்டில் விழாவாக நிகழ்ந்தது, நாக்பூரில் தகுதியிழப்புக்கான சான்றாயிற்று. அரசமைப்பின் 25ஆம் உறுப்பு, கோயில் நுழைவு தொடர்பாக ‘இந்து’ என்னும் சொல்லில் சீக்கியர், சமணர், பௌத்தரையும் சேர்க்கிறதே என்று வாதிடப்பட்டது. அந்த விரிந்த பொருள் அவ்வுறுப்புக்கு மட்டுமே உரியது, பட்டியல் சாதிகள் ஆணையில் ‘இந்து’ குறுகிய பொருளில்தான் வருகிறது என்று 1964இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மேஷ்ராமின் தேர்தல் செல்லாததாயிற்று. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் பௌத்தரை இந்துவோடு சேர்த்தே எண்ணுகிறது. அச்சட்டம் அம்பேத்கர் முன்வைத்த தொகுப்பின் ஒரு துண்டு. ஆக, ஒரு பௌத்தர் திருமணத்துக்கு இந்து, கோயில் நுழைவுக்கு இந்து, வேட்புமனுவுக்கு மட்டும் இந்து அல்லர். இவ்வளவு கூர்மையான முரணை எதிர்த்தரப்பினர்கூடத் திட்டமிட்டு ஆக்கியிருக்க முடியாது.

மகாராஷ்டிர அரசு 1960 முதல் நவபௌத்தருக்குக் கல்வி, வேலைச் சலுகைகளை அளித்தது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தனித்தொகுதிகளுக்கு அது பொருந்தவில்லை. 1990இல் வி.பி. சிங் ஆட்சிக்காலத்தில் ஆணை திருத்தப்பட்டு ‘பௌத்தம்’ என்னும் சொல் மூன்றாம் பத்தியில் சேர்ந்தது. தீட்சைக்கும் திருத்தத்துக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள். இந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் தனித்தொகுதியில் நிற்க விரும்பிய பௌத்தர் ஒருவர், வேட்புமனுவில் தம்மை இந்து என்று எழுதவேண்டும், அல்லது நிற்காதிருக்கவேண்டும். முன்னதைச் செய்தவர்களை எள்ளி எழுதிய கட்டுரைகள் உண்டு. அந்த எள்ளலில் நியாயம் குறைவு. வீட்டில் புத்தர் படத்தை வைத்துக்கொண்டு சான்றிதழில் இந்து என்று எழுதும் நிலையை அவர்கள் உருவாக்கவில்லை. மூன்றாம் பத்தி உருவாக்கியது. குடியரசுக் கட்சி பிளவுற்றுச் சிதறியதற்குத் தலைவர்களின் பூசல்களையே காரணம் காட்டுவது வழக்கம். தன் சமயத்தை மறைத்தால்தான் நிற்கலாம் என்னும் சட்ட நெருக்கடி அக்கட்சியை எவ்வளவு பலவீனப்படுத்தியது என்பது இன்னும் முறையாக ஆராயப்பட வேண்டியது.

கிறித்தவரான, இசுலாமியரான தலித்துகள் இன்றும் ஆணைக்கு வெளியேதான் இருக்கின்றனர். அவர்கள் நிலையை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஆணையம் அமைந்தது. 2023 மார்ச்சில், கேரளத்தின் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற தமிழரான ஏ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. அவர் கிறித்தவர் என்பதற்குத் திருச்சபைப் பதிவேடுகளும் திருமண ஒளிப்படங்களும் சான்றாக முன்வைக்கப்பட்டன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, அவர் சட்டமன்ற உறுப்பினராக நீடிக்கலாம் என்றது. பண்டாராவில் தவரேயின் மனு மீது கேட்கப்பட்ட கேள்வி, எழுபது ஆண்டு கழித்துத் தேயிலைத் தோட்டத் தமிழர் ஒருவரிடம் கேட்கப்பட்டது.